பின்வரிசைக் கதிரை

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்த நேரம். மாத்தளையிலிருந்து பல்லேபொல போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் தொப்பி போட்ட இரண்டு பேர். அறுபதைத் தொட்டிருப்பார்கள்.

"மச்சான், இன்டைக்கி நான் கதிரையில இருந்து தொழுதேன்" என்றார் கண்ணாடிக்காரர், புதுச் சட்டை எடுத்ததைச் சொல்வது போல.

முழங்கால் மடக்க முடியாதவர்களுக்குப் பள்ளிவாசலில் போடும் நாற்காலி அது. பக்கத்திலிருந்த தாடிக்காரர் திடுக்கிட்டார். "பின்னுக்கு போட்டிருக்கிற கதிரையிலயா? அது கெழவன்மார்ட வரிசையில்லையா!"

"நானும் அப்பிடித்தான் நெனச்சேன். போய்ப் பாத்தா நம்மளோட படிச்சவனுகள் எல்லாம் அங்கதான் ஈக்கிறானுகள். ஒருத்தனுக்கு இடுப்பாம், ஒருத்தனுக்கு முதுகாம். ஒரே சிரிப்பு. ஒன்ன மட்டுந்தான் காணல்ல."

"நான் ஏன் வாரேன்? என்ட மொழங்கால் இன்னும் இரும்பு."

"இரும்புதான். நீ நெத்திய தரையில வெச்சு சுஜூது செஞ்சிட்டு எழும்பக்குள்ள கடகடங்கிற சத்தம் பின்வரிசைக்கே கேக்குது."

தாடிக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பல்லேபொலயில் பஸ் நின்றது. தாடிக்காரர் முன் கம்பியைப் பிடித்து எழும்பப் பார்த்தார், முடியவில்லை. மறுபடி கம்பியை இறுக்கிப் பிடித்து, ஒரு 'யா அல்லாஹ்'வோடு எழும்பினார். முழங்கால் சத்தம் எனக்கும் கேட்டது.

இறங்கும் முன் கண்ணாடிக்காரர் பக்கம் குனிந்து, மெல்லக் கேட்டார்:

"ஃபேனுக்குக் கீழ கதிரை ஏதும் ஈக்குதா மச்சான்?"