பூசையில் ஓர் அம்பா

"நற்கருணை வாங்கிற வரிசையில நிண்டு அம்பா பாடினீங்களாமே, மச்சாள்?"

திருகோணமலை உட்துறைமுக வீதி பஸ் தரிப்பிடத்தில் எனக்குப் பக்கத்தில் இருந்த பெண் தன் அண்ணன் மனைவியைக் கேட்டாள். அண்ணன் இருவருக்கும் நடுவில் இருந்தார். அவருடைய வலது கை மடியில் ஓயாமல் நடுங்கிக்கொண்டிருந்தது.

"ஓம், பாடினனான். இந்தப் பார்க்கின்சன் வருத்தம் கூடக் கூட, நடக்கேக்க கால் நிலத்தோட ஒட்டினமாதிரி நிண்டிடுது. பிடிச்சு இழுத்தா விழுந்திடுவார். கரைவலை இழுத்த மனுசன்தானே, வலைக்குப் பாடுற அம்பாவைக் கேட்டா மட்டும் கால் தானா எழும்புது."

"அதுக்குக் கோயிலுக்குள்ளயோ? சனம் எங்கட அண்ணனைப் பாத்துச் சிரிக்குது. நற்கருணையை வீட்ட கொண்டுவரச் சொல்லிச் சாமியாரைக் கேக்கலாம்தானே."

"அது படுக்கையில கிடக்கிறவைக்கு. இவர் இன்னும் படுக்கையில விழேல்ல. விழ விடவும் மாட்டன். சிரிக்கிற சனம் ஒரு நாளைக்கு வந்து இவரை நடத்திப் பாக்கட்டும்."

அவர் பஸ் வரும் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பஸ் வந்தது. எழுந்து ஓரடி வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். கெதியாக ஏறச் சொல்லி நடத்துநர் கத்தினான். பஸ்ஸுக்குள் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"வெக்கமெண்டா நீங்கள் பின்கதவால ஏறுங்கோ, மச்சாள்," என்றாள் மனைவி. பிறகு கணவன் பக்கம் திரும்பி, வீதி முழுக்கக் கேட்கிற குரலில் தொடங்கினாள்.

"ஏலேலோ..."

"ஐலசா," என்றபடி அவர் காலைத் தூக்கினார்.