காலைக் காட்டு

2005 கோடையில், மரக்காணத்திலிருந்து திண்டிவனம் போன பஸ்ஸில், என் முன் சீட்டில் உப்பளத்தில் வேலை செய்யும் இரண்டு பெண்கள். இளையவள் காலில் புது சாக்ஸ்.

"இந்த வெயில்ல எதுக்குடி இது?"

"நேத்து கூலி கேட்டு நடந்த பொதுக்கூட்டத்துல போலீஸு அடிச்சாங்க இல்லக்கா? தப்பிச்சவங்கள இன்னிக்கு பஸ்ஸு பஸ்ஸா தேடுறாங்க. பேரு கேக்கல, காலக் காட்டுன்றாங்க. உப்புல வெடிச்ச காலுன்னா ஜீப்புல ஏத்திடறாங்க."

"மைக்குல பேசுனவங்களத்தான புடிப்பாங்க?"

"நாந்தான்க்கா பேசுனேன்."

மூத்தவள் ஜன்னல் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"நான் கூட்டத்துக்கே போவலடி. கேட்டா சொல்லிடுவேன்."

"வாயால சொல்றத எவன்க்கா கேக்கறான்?"

பஸ் நின்றது. முன் படியில் முதலில் லத்திதான் தெரிந்தது. மூத்தவள் தன் வெறுங்கால்களைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள்.