சாம்பல் கோள்: கணக்குல சேராத பாகம்

இல்ல மேடம், ஆன் பண்ணிப் பாத்துட்டு நல்லாத்தானே இருக்குன்னு தலையாட்டாதீங்க. ஆன் ஆகும். ஆன் ஆகுறதுல ஒரு குறையும் கிடையாது. எங்க வீட்டு வாஷிங் மெஷின் கூடத்தான் ஆன் ஆகுது, லைட்டு எரியுது, பாட்டுப் பாடுது... துவைக்கணும்ல? இதுவும் அந்த ரகம்தான். கையடக்க கேம் மெஷின்னு பேரு. இந்தக் குமிழத் தள்ளினா திரையில ஒரு செவப்பு வட்டம் நகரும், அந்த வட்டத்த எதிரி மேல வச்சு சுடணும். அவ்வளவுதான் வேலை. ஆனா வட்டம் ஒரு இடத்துல நிக்க மாட்டேங்குது. லேசாத் தள்ளினா எதிரியத் தாண்டி அந்தப் பக்கம் போகுது. இழுத்தா இந்தப் பக்கம் வந்துடுது. நான் வட்டத்தத் தேடி முடிக்கிறதுக்குள்ள அவன் வந்து என்னத் தின்னுட்டுப் போயிடறான். நேத்துலேர்ந்து நாப்பத்தோரு தடவை செத்திருக்கேன் மேடம். எண்ணினது என் சம்சாரம்.

அந்த டிவி ரிமோட்ட அப்புறம் பாருங்களேன். அதக் குடுத்த மனுஷன் ரெண்டு நாள் சேனல் மாத்தாம இருந்தா குடி முழுகிடாது. எனக்கு சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள இது வேணும். இப்ப மணி என்ன... ரெண்டரை. என்ன அவசரம்னு கேக்குறீங்களா? கேக்கலையா? பரவால்ல, நானே சொல்றேன்.

சாம்பல் கோள்னு ஒரு கேம் வரிசை இருக்கு. கேள்விப்பட்டதில்லையா? இத்தன மெஷினப் பிரிச்சுப் போட்டு உக்காந்திருக்கீங்க, சாம்பல் கோள் தெரியாதுங்கிறீங்க. சரி, விடுங்க. ஒரு கிரகம். மொத்தமும் எரிஞ்சு சாம்பலாயிடுச்சு. சாம்பலுக்கு அடியிலேர்ந்து உண்ணிங்க வருது. நாய் மேல ஒட்டியிருக்குமே, அதேதான், ஆனா ஒவ்வொண்ணும் பீரோ சைசு. ஒரு சார்ஜென்ட், அவன் கூட பத்து சிப்பாய்ங்க, துப்பாக்கிய எடுத்துக்கிட்டு இறங்குவாங்க. டிவியில போட்டு ஆடுறது. அஞ்சு பாகம். அஞ்சையும் கரைச்சுக் குடிச்சவன் நானு. நாலாவது பாகத்துல எந்தக் கதவுக்குப் பின்னாடி எத்தன உண்ணி ஒளிஞ்சிருக்குன்னு தூக்கத்துல எழுப்பிக் கேளுங்க, சொல்லுவேன். என் கல்யாண நாள் எதுன்னு கேட்டா கொஞ்சம் யோசிக்கணும்.

ரசிகர்களுக்குன்னு ஒரு குழு இருக்கு, இணையத்துல. நானூறு பேரு. நான்தான் நிர்வாகி. யாரு என்ன எழுதலாம், எத அழிக்கணும், எல்லாம் என் கையில. சம்பளம் கிம்பளம் ஒண்ணும் கிடையாது, கௌரவப் பதவி.

இதுக்கு நடுவுல, பன்னண்டு வருஷத்துக்கு முன்னாடி, இந்தக் கையடக்க மெஷினுக்குன்னு தனியா ஒரு பாகம் விட்டாங்க. அதுல ஹீரோ யாருங்கிறீங்க? சார்ஜென்ட் இல்ல. சிப்பாய் கூட இல்ல. ஸ்டோர்கீப்பர். விண்கப்பல்ல சாக்ஸ், போர்வை, பேட்டரி எடுத்துக் குடுக்கிற ஆளு. எல்லாரும் போருக்குப் போயிடறாங்க, இவர மறந்துட்டுப் போயிடறாங்க. உண்ணிங்க கப்பல்ல ஏறிடுது. இவரு போர்வை அலமாரிக்குப் பின்னாடி நின்னு சுடுறாரு. சிரிக்கிறீங்க பாத்தீங்களா? இதத்தான் நானும் சொன்னேன். மூணு பக்கத்துக்கு விமர்சனம் எழுதினேன். தலைப்பு என்ன தெரியுமா... 'சட்டைப் பையில் ஒரு குப்பைத் தொட்டி'. பிரமாதமா ஓடுச்சு. அன்னிலேர்ந்து எங்க குழுவுல சாம்பல் கோள்னா அஞ்சு பாகம்தான். இது கணக்குல சேராது. புதுசா யாராவது வந்து ஆறுன்னு சொன்னா என் விமர்சனத்தத் தூக்கி மூஞ்சியில போடுவாங்க.

முழுசா ஆடினீங்களான்னு பாக்குறீங்க. பார்வையிலேயே தெரியுது. மூணாவது கட்டம் வரைக்கும் ஆடினேன். மொத்தம் பதினெட்டு. அதுக்கு மேல எவன் ஆடுவான், வட்டம் நிக்கவே இல்லன்னு சொல்றேன்ல. அப்பவும் இதே கோளாறுதான். பெட்டியிலேர்ந்து எடுக்கும்போதே பழுது மெஷின வித்திருக்கானுங்க.

ஸ்க்ரூவ எல்லாம் அந்தக் காந்தத்து மேல போடுங்க மேடம், ஒண்ணு தொலைஞ்சா அப்புறம் ஆடிக்கிட்டே இருக்கும். தெரியும், உங்களுக்குத் தெரியும். சும்மா சொன்னேன். நான் டிரைவிங் ஸ்கூல்ல சொல்லித் தர்றவன், யாரு எத செஞ்சாலும் பக்கத்து சீட்டுல உக்காந்த மாதிரி வாய் வந்துடுது. எங்ககிட்ட வருவானுங்க பாருங்க, சார் நான் பத்து வருஷமா ஸ்கூட்டர் ஓட்டுறேன், முதல் பாடமெல்லாம் வேணாம், நேரா ரோட்டுக்குப் போயிடலாம்னு. போன வாரம் ஒருத்தர் அப்படித்தான் ரோட்டுக்குப் போனாரு. நேரா ஒரு பூந்தொட்டிக் கடைக்குள்ள போயி நிறுத்தினாரு. கேட்டா, பிரேக்கு கையில இருக்கும்னு நினைச்சேன்னாரு. என்ன ஜென்மங்களோ.

எங்க விட்டேன்... ஆங், அஞ்சு மணி. எனக்கு ஒரு மச்சினன் இருக்கான். சம்சாரத்தோட தம்பி. பல்லுக்கு செட்டு கட்டுற வேலை, நிதானமான கை. அஞ்சு பாகத்தையும் நானும் அவனும் ஒரே சோபாவுல உக்காந்து ஆடினது. நான் கண்ண மூடிக்கிட்டு முன்னாடி பாய்வேன், அவன் பின்னாடி நின்னு என் முதுகப் பாத்துக்குவான். அந்த மாதிரி ஒரு ஜோடி எனக்கு அப்புறம் அமையல, அத ஒத்துக்கறேன். அவனுக்கு இந்தக் குப்பைத் தொட்டி பிடிச்சுப் போச்சு. வரிசையிலேயே இதுதான் நல்ல கதைன்னு குழுவுல எழுதிட்டான். நிர்வாகியோட மச்சினனே இப்படி எழுதினா என் மரியாத என்னத்துக்கு ஆகும்? ரெண்டு வார்த்த கிண்டலாச் சொன்னேன். 'பாக்கெட் வீரர்'னு பேரு வச்சேன். நானூறு பேரும் புடிச்சுக்கிட்டாங்க. குழுவ விட்டுப் போனான். அப்புறம் வீட்டுக்கு வர்றதையும் நிறுத்திட்டான். பன்னண்டு வருஷம். அக்காவப் பாக்கணும்னா நான் வேலைக்குப் போற நேரமாப் பாத்து வந்துட்டுப் போவான்.

இப்ப என்னன்னா, குழுவுல பாதிப் பேரு, எல்லாப் பாகத்தையும் பட்டியல் போடணும், இதையும் சேக்கணுமா வேணாமான்னு நேர்ல கூடிப் பேசி முடிவு பண்ணணும்னு நிக்கிறாங்க. இன்னிக்கு அஞ்சு மணிக்குக் கூட்டம். அவனும் வர்றான். என் சம்சாரம் தீர்மானமாச் சொல்லிட்டா, இத முழுசா ஆடிட்டு வாயத் தொறங்க, இல்லன்னா கூட்டம் முடிஞ்சதும் நான் தம்பியோடயே கிளம்பிடறேன்னு. விளையாட்டுக்குச் சொல்றாள்னு நினைச்சேன். காலையில பாத்தா துணிப் பெட்டிய எடுத்துத் தூசி தட்டி வச்சிருக்கா. அதான் ஓடி வந்தேன். நீங்க ஒண்ணும் பண்ண வேணாம், அந்த வட்டத்த மட்டும் நிக்க வச்சிடுங்க.

என்ன காட்டுறீங்க? குமிழ் நல்லா இருக்கா? நல்லாப் பாருங்க, அந்தப் பூதக்கண்ணாடிய வச்சுப் பாருங்க. ம்... இது என்னது, இடது பக்கம் மேல் ஓரத்துல இருக்கிற பட்டனா? எல்னு போட்டிருக்கே, அது. அதுக்கு என்ன? தேயவே இல்லையா? வேற கேம் ஆடி ஆடி மத்ததெல்லாம் மழமழன்னு ஆயிடுச்சு, இது மட்டும் நேத்து வாங்கின மாதிரி இருக்கு, ஆமா. அத நான் அமுக்கறதில்ல மேடம். ஏன்னா, அஞ்சு பாகத்துலயும் எல் பட்டன்னா கைக்குண்டு. கைக்குண்ட விவரம் தெரிஞ்சவன் எவனும் வீணாக்க மாட்டான். கடைசிக் கட்டத்துல ஒரு தாய் உண்ணி வரும், பஸ் நிலையம் அளவுக்கு, அதுக்குன்னு சேத்து வைக்கணும். புதுசா வர்றவன்தான் எல் பட்டன அமுக்கி அமுக்கிக் காலி பண்ணுவான். நாங்க அதுமேல விரல வைக்கவே கூச்சப்படுவோம்.

இருங்க, இருங்க, மூடி ஸ்க்ரூ போட்டு ஆன் பண்ணிட்டு கேமுக்குள்ள எங்க போறீங்க... அது பயிற்சி மேடம். அது வேணாம், தாண்டிடுங்க, மூலையில தாண்டுன்னு இருக்கும் பாருங்க. அஞ்சு பாகம் முடிச்சவனுக்கு எதுக்குப் பயிற்சி? நானும் தாண்டித்தான் போனேன். எப்படி நடக்கணும், எப்படிக் குனியணும்னு... சின்னப் புள்ளைங்களுக்கு. சரி, ஆடணும்னு ஆசைன்னா ஆடுங்க. கடை உங்களது.

என்ன எழுதியிருக்கான் அதுல... 'எல் பட்டனை அமுக்கிப் பிடிக்கவும்...'

அட.

இன்னொரு தடவ அமுக்குங்க. விடுங்க. அமுக்குங்க. வட்டம் போயி உண்ணி மேல தானா உக்காருதே. அது நகர்ந்தா இதுவும் கூடவே நகருதே. நீங்க ஒத்தக் கையில டீ குடிச்சுக்கிட்டே சுடுறீங்க மேடம். கொஞ்சம் இப்படிக் குடுங்க. நானே பாக்குறேன்.

...

மூணாவது கட்டம் முடிஞ்சுது. எவ்வளவு நேரம் ஆச்சு? இருபது நிமிஷமா? நேத்து பூரா நான் செத்துக் கிடந்த இடம் இது. அந்த ஸ்டோர்கீப்பர் நல்லாத்தான் சுடுறாரு. வாக்கி டாக்கியில கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பாக்குறாரு, யாருமே பதில் சொல்ல மாட்டேங்கிறாங்க. ஆளுங்க எல்லாம் செத்துட்டாங்கன்னு இவருக்குத் தெரியல... நல்லா எழுதியிருக்கானுங்க. நல்லாத்தான் எழுதியிருக்கானுங்க.

மேடம், ஒரு சின்ன உதவி. அந்த வேலைச் சீட்டுல பழுதுன்னு ஒரு கட்டம் இருக்குல்ல, அதுல எல் பட்டன் பழுதுன்னு எழுதி ஒரு சீல் போட்டுக் குடுத்துடுங்களேன். பன்னண்டு வருஷமா மெஷின் கோளாறு, நேர்மையான ஆளு, இன்னிக்குத்தான் கண்டுபிடிச்சு சரி பண்ணினாருன்னு முடிஞ்சிடும். எனக்கும் கௌரவம், அவனுக்கும் சந்தோஷம். யாருக்கு என்ன நஷ்டம்? எழுதுறீங்களா... ரொம்ப நன்றி, நீங்க தங்கமான... என்ன எழுதியிருக்கீங்க?

'பழுது இல்லை. இடது பட்டன் உபயோகிக்கப்படவே இல்லை.'

சீல் வேற.

ரொம்ப நேர்மை மேடம் உங்களுக்கு. ஒண்ணு சொல்லட்டுமா, உங்ககிட்டச் சொன்னா என்ன இப்ப. இந்த எல் பட்டன் விஷயம் எனக்கு இன்னிக்குத் தெரிஞ்சது இல்ல. மச்சினன் அப்பவே எழுதினான். என் விமர்சனம் வந்த மறுநாளே. 'மாமா, பயிற்சியத் தாண்டிட்டீங்கன்னு நினைக்கிறேன், இதுல எல் கைக்குண்டு இல்ல, அமுக்கிப் பிடிச்சா வட்டம் நிக்கும், ஒரு தடவ பாருங்க'ன்னு. மரியாதையாத்தான் எழுதினான். எனக்குச் சொல்லித் தர்றியாடான்னு பத்திக்கிட்டு வந்துது. அழிச்சுட்டேன். நிர்வாகி இல்லையா நானு, ஒரு தட்டு தட்டினாப் போயிடும். அவன் எழுதினது போச்சு, கீழ நான் எழுதின பதில் மட்டும் நிக்குது. 'பால்புட்டிய வச்சுட்டு வந்து ஆடுங்க பாக்கெட் வீரரே'ன்னு. எழுபத்து மூணு பேரு சிரிச்ச பொம்மை போட்டிருக்காங்க. இன்னிக்கும் இருக்கு. எத அழிச்சேன்னு அந்த நானூறு பேர்ல ஒருத்தருக்கும் தெரியாது. அவனுக்குத் தெரியும். எனக்குத் தெரியும். அவனும் இத்தன வருஷமா ஒருத்தர்கிட்டயும் சொல்லல, அதான் மேடம் என்னமோ பண்ணுது.

சரி, நீங்க ரிமோட்டப் பாருங்க. பாருங்க, பாவம் அந்த மனுஷன் சேனல் மாத்தணும். நான் இப்படி ஓரமா நின்னு ஒரு போன் பேசிக்கிறேன். கூட்டத்துல நானூறு பேரு முன்னாடி அவன் மூஞ்சியப் பாக்குறதுக்கு முன்னாடி ஒரு வார்த்த... நம்பர் இருக்கு. சம்சாரத்துக்குத் தெரியாம வச்சிருக்கேன்.

ஹலோ... நான்தான். மாமா. வச்சிடாத, வச்சிடாத, ஒரே நிமிஷம். ...எல் பட்டன அமுக்கிட்டேன்டா. ...ஆமா, நிக்குது. ...இன்னிக்குத்தான். நீ எழுதினத நான்தான் அழிச்சேன், இன்னிக்கு எல்லார் முன்னாடியும் எந்திரிச்சு சொல்லிடறேன். தப்புதான். ...ம். ...ம். ...வா, கூட்டம் முடிஞ்சு நேரா வீட்டுக்கே வா, அக்கா சந்தோஷப்படுவா. ...ம். ...ஆனா ஒண்ணு மச்சான், தப்பா எடுத்துக்காத. நானூறு பேரு முன்னாடி எழுதினா எனக்கு எப்படி இருக்கும் சொல்லு? என்கிட்டத் தனியாச் சொல்லியிருந்தா நான் அன்னிக்கே அமுக்கிப் பாத்திருப்பேன்ல? ...என்னது? ...முதல்ல வீட்டுக்கு வந்துதான் சொன்னியா? எப்ப? ...சோபாவுல உக்காந்தா? ...நான் டிவி சத்தத்தக் கூட்டி வச்சேனா? ...சரிப்பா, நீ சொன்னதாவே வச்சுக்குவோம். கொஞ்சம் சத்தமாச் சொல்லியிருக்கலாம்ல? எப்பப் பாத்தாலும் முணுமுணுன்னு பேசினா மனுஷனுக்கு என்னன்னு புரியும், உன் பக்கமும் கொஞ்சம்... இல்ல, நான் முடிச்சிடறேன், குறுக்க பேசாத... ஹலோ? ...மச்சான்?

...மேடம், உங்க கடைக்குள்ள சிக்னல் சரியா எடுக்காதா?