கோர்ட்டு இடைவேளையில் ஒரு பேரம்

— அபராதமும் வேண்டாம்னு சொல்லிட்டேனேம்மா! இதுக்கு மேல எப்படி இறங்கறது? மன்னிப்புன்னு ஒரு வார்த்தை, போனுல இருக்கற அந்தப் படத்தை அழிக்க ஒரு தட்டு. வாசக் கதவை நானே திறந்து விடறேன்.

— நீங்க இறங்க இறங்க எனக்குச் சந்தேகம் ஏறுதுண்ணே. வாளி வியாபாரம் பண்றவ நான். கேக்காமலே விலையைக் குறைக்கிறான்னா, அந்தச் சரக்கைத் திருப்பிப் பார்க்காம வாங்க மாட்டேன்.

— இது சந்தையில்லை, கோர்ட்டு.

— தெரியுது. சந்தையா இருந்தா தராசு முள்ளு எனக்கும் தெரியற மாதிரி வச்சிருப்பாங்க.

— இந்த வாயை வச்சுக்கிட்டு உன்னை யாரும்மா கோர்ட்டுக்கு வரச் சொன்னது? நான் சொல்றதைக் கேளு. ஜட்ஜய்யா இப்போ சாப்பிட உக்காந்திருக்காரு. எழுந்திரிக்கிறதுக்குள்ள இந்தம்மா சமாசாரத்தை முடிச்சு வைன்னு என்கிட்ட விட்டிருக்காரு. நான் கோர்ட்டுல பேர் கூப்பிடுற காவலன். பஞ்சாயத்துப் பண்றது என் வேலையே இல்லை. பெரிய மனுஷன், பதமாப் பேசுவான்னு ஒரு நம்பிக்கை.

— பதமாத்தான் பேசறீங்க. ஒரு குறையும் இல்லை.

— அப்புறம் என்ன? வராண்டாவுல உக்காந்திருக்காங்களே உன் கூட்டாளிங்க, அவங்களாவது கீழே நின்னு போனைத் தூக்கிப் பிடிச்சாங்க. நீ பெஞ்சு மேல ஏறி நின்னே! கோர்ட்டு பெஞ்சு மேல! செருப்போட!

— செருப்பைக் கழட்டிட்டுத்தான் ஏறினேன். ஒரு செருப்பு இன்னும் அங்கேயே கிடக்குது.

— எடுத்துத் தரச் சொல்றேன். படத்தை அழி.

— அதுல என் தம்பி இருக்கான்.

— இருக்கட்டுமே. வீட்டுல தம்பி படம் ஒண்ணுகூடவா இல்லை?

— கல்யாணப் படம் இருக்கு. மாலை போட்டுக்கிட்டு முழிச்சிக்கிட்டு நிப்பான். "குற்றத்தை ஒத்துக்கிட்டான்"னு ஜட்ஜய்யா எழுதின நேரத்துல அவன் எப்படி நின்னான்கிற படம் இது ஒண்ணுதான்.

— ஒத்துக்கிட்டான், எழுதினாரு. இதுல என்ன அதிசயம்?

— அதுதான் அதிசயமே. நேத்து ராத்திரி கம்பிக்கு இந்தப் பக்கம் நின்னு அவன்கிட்ட பேசினேன். "அக்கா, ரெண்டு மூட்டையும் ஒரே சாக்கு, ஒரே முடிச்சு. என் வண்டியில அடுத்தவன் மூட்டை மாறி ஏறிப்போச்சு, திருடலை, அவ்வளவுதான். அதைத்தான் சொல்லப் போறேன்"னு சொன்னான். சொல்லிச் சொல்லிப் பழகினான். காலையில கூண்டுல ஏறினான். ஒரு வார்த்தை பேசலை. ஒத்துக்கிட்டான்னு ஆயிடுச்சு. சாப்பிட்டு வந்ததும் தண்டனை வாசிக்கப் போறாரு.

— பயத்துல வாய் அடைச்சிருக்கும்மா. நான் பார்க்காத ஆளா?

— எங்க சந்தையிலேருந்து இங்கே வந்துட்டுப் போன எல்லாருக்குமா வாய் அடைக்கும்? பழக்கடைக்காரி, சாவி போடுறவரு, கோழிக்கடைத் தம்பி, எல்லாரும் திரும்பி வந்து ஒரே பல்லவிதான். "நான் ஒத்துக்கவே இல்லை, ஒத்துக்கிட்டேன்னு எழுதிட்டாங்க." பொய் சொல்றாங்கன்னுதான் நானும் நினைச்சேன். கோழிக்கடைத் தம்பி நிச்சயம் பொய்தான் சொல்லுவான், எடையிலேயே சொல்லுவான். ஆனா அத்தனை பேரும் ஒரே பொய்யையா சொல்லுவாங்க?

— அதுக்கு, கதவு திறந்துதானே கிடக்கு? யார் வேணா வந்து உக்காந்து கண்ணால பார்க்கலாமே. படம் எதுக்கு? எனக்கு நிஜமாவே புரியலை, அதான் கேக்கறேன்.

— கண்ணால பார்த்த எல்லார்கிட்டயும் கேட்டாச்சு. எனக்குப் பக்கத்துல இருந்த அம்மா, தம்பி "ஆமா"ன்னு சொன்னான்கறாங்க. முன்னால இருந்தவரு, "இல்லை"ன்னு சொன்னான்கறாரு. வக்கீலைக் கேட்டா, அந்த நேரத்துல பேனாவைத் தேடிக்கிட்டிருந்தாராம். இதுல எந்தக் கண்ணை நம்புவீங்க?

— எழுதினதை நம்புவோம்.

— எழுதினது உங்க கையில. படம் எடுத்தா எங்க கையிலயும் ஒண்ணு இருக்கும்.

— நீ சொல்றது ஒரு பக்கம். சாட்சி சொல்ல ஒரு சின்னப் பொண்ணு வருது, அதோட அழுகையைப் படம் பிடிச்சு ஊர் பூரா அனுப்பினா? அது திரும்ப இந்தப் படி ஏறுமா?

— நியாயமான பேச்சு. இன்னைக்குக் காலையில அந்தப் பச்சைச் சட்டைப் பொண்ணு வந்தப்போ நாங்க என்ன பண்ணினோம், கவனிச்சீங்களா?

— போனையெல்லாம் கவுத்து மடியில வச்சீங்க. பார்த்தேன். யாரு சொன்னதுன்னு யோசிச்சேன்.

— யாரும் சொல்லலை. அண்ணே, ஒண்ணு கேக்கறேன். அழி அழிங்கறீங்களே, எதை அழிக்கறோம்னு பார்த்தீங்களா?

— நான் எதுக்குப் பார்க்கணும்?

— என்ன உள்ளே இருக்குன்னு தெரியாத மூட்டையைத்தான் என் தம்பி வண்டியில ஏத்தினான். அதுக்குத்தான் கூண்டுல நிக்கிறான்.

— பேசியே ஆளைக் கவுத்துடுவேம்மா நீ. சரி, அந்தக் கதவைச் சாத்து. ஒரே ஒரு தடவை. போட்டுக் காட்டு.

— இந்தாங்க. கிட்ட வச்சுப் பாருங்க.

— பெரிசா ஒண்ணும் காணோமே. ஜட்ஜய்யா மேசை. கட்டுக் கட்டா காகிதம். சத்தம்னா ஃபேன் சத்தம்தான். யாரு இந்த வழுக்கை?

— நீங்கதாண்ணே.

— நானா? இவ்வளவா போயிடுச்சு?

— மேலேருந்து எடுத்தது. பெஞ்சு மேல ஏறினா அப்படித்தான் விழும்.

— வீட்டுல ஒருத்தரும் சொல்லலையே... சரி, இதோ உன் தம்பி. கூண்டுல ஏறறான். அய்யா படிக்கிறாரு. தலையைத் தூக்கறாரு. "ஒத்துக்கிறியா?" கேட்டாச்சு. தம்பி தலையை ஆட்டறான். பார்த்தியா? ஆட்டினானா இல்லையா? தீர்ந்துது!

— அவன் தலையை ஆட்டறதுக்குக் கொஞ்சம் முன்னால போங்க. அவன் காதுகிட்ட குனியறது யாரு?

— நான்தான்.

— அதைத்தான் கேக்கணும்னு காத்துக்கிட்டிருந்தேன். என்ன சொல்லி மிரட்டினீங்க?

— மிரட்டலா!

— "மரியாதையா ஒத்துக்கோ, இல்லைன்னா பார்த்துக்கறேன்"னா? சிரிச்ச முகமாவேற சொல்றீங்க. பழகின கை.

— ஏம்மா, வாயை அலம்பு! இந்த வேலையில ஒருத்தன் மேல விரல் பட்டதில்லை. "தலையைக் குனிஞ்சு அய்யாவுக்கு ஒரு மரியாதை வைப்பா"ன்னு சொன்னேன். அவ்வளவுதான். புதுசா வர்றவங்களுக்கு என்ன தெரியும்? கம்பம் நட்ட மாதிரி நிப்பாங்க. அய்யாவுக்குக் கோபம் வந்தா யாருக்கு நஷ்டம்? அவங்க நல்லதுக்குச் சொல்றது. எல்லாருக்கும் சொல்லுவேன்.

— எல்லாருக்குமா?

— ஏழை பணக்காரன் பார்க்கறதில்லை. எல்லாருக்கும்.

— எந்த நேரத்துல சொல்லுவீங்க?

— அதுக்கு ஒரு பக்குவம் இருக்கு. அய்யாவுக்கு மலையா கேஸு. ஒரு ஆளுக்கு ஒரு தடவைதான் தலையைத் தூக்கிப் பார்ப்பாரு, அதுவும் கூண்டை மட்டும்தான்; இல்லைன்னா உங்க போனையெல்லாம் எப்பவோ பார்த்திருப்பாரு. படிச்சு முடிக்கப் போறாருன்னு தெரிஞ்சதும் காதுல சொல்லிடுவேன். அவர் தூக்கறதும் இவன் குனியறதும் சரியா இருக்கும்.

— அப்போ, கேள்வியை எப்போ கேப்பாரு?

— தலையைத் தூக்கும்போதுதான்.

— தூக்கும்போதா?

— ஏம்மா என்னை அப்படிப் பார்க்கறே?

— நான் உங்களைப் பார்க்கலைண்ணே. நீங்க சொன்னதைத்தான் பார்த்துக்கிட்டிருக்கேன்.

— இன்னொரு தடவை போடு.

— போட்டாச்சு.

— படிக்கிறாரு... நான் குனியறேன்... தூக்கறாரு, உதடு அசையுது... இவன் தலை இறங்குது. உடனே அவர் பேனா இறங்குது. அட, இதென்ன கூத்து! இது என் மரியாதைம்மா. நான் சொல்லி வச்ச மரியாதை!

— அவருக்கு அது "ஆமா."

— அடுத்த ஆளைப் போடு. இந்தக் கிழவரு.

— இறங்குது.

— அதுக்கு அடுத்தது?

— இறங்குது. இந்த அம்மா பாவம், ரெண்டு தடவை இறக்கறாங்க.

— மரியாதை தெரிஞ்ச குடும்பம்... நிறுத்து, நிறுத்து. இந்த ஆளு குனியலையே?

— கழுத்துல பட்டை கட்டியிருக்காரு பாருங்க.

— ஆமா, சுளுக்குக்காரன்! ஞாபகம் வந்துடுச்சு. நானும் காதுல சொன்னேன், குனிய முடியாம முழிச்சான். அய்யா எரிச்சல்பட்டு, "கேக்குதா இல்லையா, ஒத்துக்கிறியா?"ன்னு இன்னொரு தடவை சத்தமாக் கேட்டாரு. "இல்லைங்க"ன்னான். சரி விசாரிப்போம்னு தேதி போட்டு வீட்டுக்கு அனுப்பிட்டாரு.

— அப்போ காலையிலேருந்து இந்தக் கோர்ட்டுல வாயைத் திறந்து பதில் சொன்னது ஒரு சுளுக்குதான்.

— சிரிக்காதேம்மா.

— சிரிக்கலைண்ணே. எனக்குச் சிரிப்பு வரலை. உங்க மேல பழி போடணும்னுதான் பெஞ்சு மேல ஏறினேன். பழியைப் போட ஆளைத் தேடினா, இங்கே திருடனே இல்லை. அவரு கேக்கறது சரி, நீங்க சொல்றது நல்லது, அவன் குனியறது மரியாதை. மூணும் சேர்ந்து என் தம்பியை உள்ளே தள்ளுது.

— காவலரே! கதவை ஏன் சாத்தி வச்சிருக்கீங்க?

— திறந்துதான் இருக்கு, எழுத்தரய்யா. தள்ளுங்க.

— அய்யா கை கழுவிட்டாரு. அந்தம்மா அழிச்சாச்சான்னு கேக்கறாரு.

— பேசிக்கிட்டிருக்கோம்னு சொல்லுங்க.

— இன்னுமா? சீக்கிரம் முடிங்க. அழிக்கலைன்னா தம்பிக்கு அடுத்தது அக்கா பேரைக் கூப்பிடச் சொல்லிட்டாரு.

— ஆகட்டும், நீங்க போங்க... போயிட்டாரு. ஏம்மா, கேட்டியா? உன்னையும் உள்ளே வைக்கத்தான் போறாரு.

— வைக்கட்டும். நீங்க போய் அய்யாகிட்ட நடந்ததைச் சொல்லிடுங்கண்ணே. நீங்க சொன்னா எடுபடும்.

— எது? "அய்யா, இத்தனை வருஷமா நீங்க எழுதினது ஒத்துக்கிட்டதை இல்லை, என் மரியாதையை"ன்னா? அவர் என்னை இந்தச் சுவத்துல ஒரு ஆணியா நினைக்கிறவரு. ஆணி பேசினா எடுபடுமா?

— படத்தைக் காட்டலாமே.

— இதுல என் குரல் எங்கே விழுந்திருக்கு? ஃபேன்தான் விழுந்திருக்கு. நான் என்ன சொன்னேன்னு படத்துக்குத் தெரியாது. உன் கண்ணுக்கே நான் மிரட்டற மாதிரிதானே இருந்துது?

— அப்போ என் தம்பி?

— இரு, யோசிக்கறேன்... தண்டனை வாசிக்கிறதுக்கு முந்தி, "கடைசியா ஏதாவது சொல்லணுமா?"ன்னு அய்யா ஒரு தடவை கேப்பாரு. கேக்கணும்னு சட்டம். அப்போ உன் தம்பி பக்கத்துல நிக்கப் போறது நான்தான்.

— காதுல என்ன சொல்லப் போறீங்க?

— "நிமிர்ந்து நில்லு. ஃபேன் சத்தத்தையும் மீறிக் கத்து. மூட்டைக் கதையைச் சொல்லு."

— அவன் கத்தினதுக்கு அப்புறமும் காகிதத்துல வேற மாதிரி ஏறினா? இப்போ மறுத்ததா, முன்னால ஒத்துக்கிட்டதா, எது செல்லும்னு குழப்பினா?

— குழப்புவாங்க. ஒரு தடவை எழுதினதை அடிக்க யாருக்கும் கை வராது.

— அப்போ நான் திரும்பவும் எடுக்கறேன்.

— உன்னைக் கோர்ட்டுக்குள்ளே கூட்டிக்கிட்டுப் போகும்போது போனை விடுவாங்களா? வராண்டாவுல இருக்கறவங்க போனெல்லாம் பீரோவுல பூட்டிக் கிடக்கு; உன்னுதை அழிக்கறதுக்காகத்தான் கையில விட்டு வச்சிருக்கு. உள்ளே போற ஒவ்வொரு பையையும் தடவிப் பார்க்கணும்னு இன்னைக்கு உத்தரவு.

— தடவிப் பார்க்கறது யாரு?

— நான்தான்.

— உங்களைத் தடவறது?

— ஏம்மா! நீ எங்கே வந்து நிக்கறேன்னு தெரியுது.

— நான் ஒண்ணும் சொல்லலை. கேட்டேன், அவ்வளவுதான்.

— என் சட்டைப் பையில போட்டு, கேமரா மட்டும் எட்டிப் பார்க்கற மாதிரி வச்சா ஒரு பயலுக்கும் தெரியாது.

— அப்படிச் செய்யக் கூடாதுண்ணே. எங்க கூட்டத்துக்குன்னு இருக்கறது ஒரே ஒரு கட்டுப்பாடு. மறைச்சு எடுத்தா அது திருட்டு. தலைக்கு மேல தூக்கிப் பிடிச்சு, எல்லாரும் பார்க்க எடுக்கணும். கீழே வைன்னா வைக்க மாட்டோம், பிடுங்கினா தடுக்க மாட்டோம், கூப்பிட்டா கூடவே போவோம். அந்தக் கதவுல "படம் எடுக்கக் கூடாது"ன்னு பலகை தொங்குதே, அது தப்புன்னு சொல்ல எங்களுக்குத் தெரிஞ்ச வழி அது ஒண்ணுதான்.

— தூக்கிப் பிடிச்சா அய்யா பார்த்துடுவாரே.

— பார்க்கணும்.

— பேர் கூப்பிடுற காவலனே போனைத் தூக்கிக்கிட்டு நின்னா வேலை போயிடும். அன்னைக்கே போயிடும்.

— போயிடும்ணே. நான் அதுல பொய் சொல்ல மாட்டேன். இதை நான் உங்ககிட்ட கேக்கவும் இல்லை.

— நீ கேக்கலை. கேட்டிருந்தா முடியாதுன்னு சொல்லியிருப்பேன், நிம்மதியா இருந்திருக்கும்.

— மணி அடிக்குதுண்ணே.

— கேக்குது. எழுந்திரு. முதல்ல உன் தம்பி பேர், அப்புறம் உன் பேர்.

— போனை எடுத்துக்கிட்டீங்களே... அழிக்கப் போறீங்களா?

— எதை அமுக்கினா எடுக்கும்னு இப்பவே காட்டிடும்மா. கையைத் தலைக்கு மேல தூக்கினதுக்கு அப்புறம் தேடிக்கிட்டு நிக்க முடியாது.