மேட்டிலிருந்து உருண்ட பீப்பாய்

செர்ரிச் சாராயம் காய்ச்சுகிறவன் அதைக் குடிக்கக் கூடாது ஐயா. நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பிவிட வேண்டும். முப்பது வருடமாக எனக்கு அதுதான் பழக்கம்.

குடியில் உதிக்கும் கிறுக்குத்தனத்துக்கு எங்கள் ஊரில் 'ஷ்னாப்ஸ் யோசனை', அதாவது சாராய யோசனை, என்று பேர். அந்தப் பேரை வைத்துவிட்டால் அப்புறம் யாரும் யாரையும் குற்றம் சொல்வதில்லை. ஆறு வருடத்துக்கு முன் என் சிநேகிதன் ஓட்மாருக்கு அப்படி ஒன்று உதித்தது: உறைந்த குளத்தின் மேல் டிராக்டர் ஓட்டுவது. பக்கத்தில் ஏறிக்கொண்டவள் என் மகள் லியோபா. பனி உடைந்தது. அவன் நீந்தி வந்தான். அடக்கத்தன்று என் தோளில் கை போட்டு, "ஷ்னாப்ஸ் யோசனைடா கெர்வின், வேறென்னத்தச் சொல்ல," என்றான். ஊரே தலையாட்டியது. நானும் ஆட்டினேன்.

இந்தத் தந்தையர் தினத்தன்று, வழக்கம்போல் ஆண்களெல்லாம் கைவண்டியில் பாட்டில்களை ஏற்றிக்கொண்டு காலையிலேயே மேட்டுக்குப் போனோம். என் பழைய பீப்பாயும் வந்தது. அதற்குள் உட்கார்ந்து சரிவில் உருள யாருக்குத் துணிச்சல் என்று நான்தான் கேட்டேன். ஓட்மாருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வரும், தெரியும். அடிவாரத்தில் வைக்கோல் கட்டுகளை முந்தின நாளே அடுக்கியிருந்தேன். அவற்றுக்குள், வயலில் மண்கட்டி உடைக்கும் பரம்புச் சட்டத்தை, சாண் நீள இரும்புப் பற்கள் மேட்டைப் பார்க்க, நிறுத்தியிருந்தேன்.

ஓட்மாரின் தொந்தி உள்ளே போகவில்லை. எல்லோரும் சிரித்தார்கள். அவன் மகன் செவெரின், இருபது வயது, "நகருப்பா, உன் வயித்துக்கு இது பத்தாது," என்று ஏறிக் குந்திக்கொண்டான். போன வாரம்தான் என் கூரை ஓடுகளை மாற்றிக் கொடுத்தான், நல்ல பையன். "தட்டிவிடுங்க மாமா," என்றான்.

பீப்பாய் உருளாமல் தடுத்திருந்த ஆப்பு என் கால் பக்கம் இருந்தது. நிறுத்தியிருக்கலாம், யோசிக்க நேரமும் இருந்தது. தட்டிவிட்டேன்.

பீப்பாயின் பலகை இற்றுப்போனது, பரம்பின் பற்கள் துளைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டன. ஒரு பல் கழுத்தில், இரண்டு வயிற்றில். உயிர் போகக் கொஞ்ச நேரம் பிடித்தது. அதுவரை அவன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஓட்மார் வைக்கோலில் மண்டியிட்டுக் கிடந்தான். தோளில் கை போட்டு அதே வார்த்தையைச் சொன்னேன்.

என் ரத்தத்தில் துளி சாராயம் இல்லை என்று உங்கள் போலீஸ் தாளில் இருக்கிறது. சரிதான். ஆறு வருடத்துக்கு முன்னும் இல்லை. ஓட்மாரின் கோப்பையை நிரப்பிக்கொண்டே, "டிராக்டரக் குளத்துல எறக்க உனக்கெங்கடா துணிச்சல்," என்று கேட்டபோது. ஆனால் அது அவன் யோசனை. அதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.