டாக்டர் பெயரில் ஒரு பூஜ்யம்

ஆண்கள் வார்டில் ஹெட் நர்ஸ் நிர்மலாதேவி ஒரு பெரியவரின் மார்பை இரண்டு கைகளாலும் அழுத்திக்கொண்டிருந்தபோது, நான் பிரிண்டருக்குப் பேப்பர் வைத்துக்கொண்டிருந்தேன். பாண்டிச்சேரிக் காற்றில் பேப்பர் சீக்கிரம் ஈரமாகிவிடும். ஈரப் பேப்பர் உள்ளே போய்ச் சிக்கிக்கொள்ளும். ஒவ்வொரு தாளாக உதறி வைக்க வேண்டும்.

வார்டே ஓடியது. ஒருத்தி ஆக்சிஜன் சிலிண்டரை உருட்டினாள். இன்னொருத்தி குளுக்கோஸ் பாட்டிலைத் தேடினாள். அரீபா என்ற புது நர்ஸ் சுவரோடு ஒட்டி நின்று அழுதாள். நிர்மலாதேவி மட்டும் வாய்க்குள் எண்ணியபடி அழுத்திக்கொண்டே இருந்தாள். போதும் என்று டூட்டி டாக்டர் தோளைத் தொட்டும் நிறுத்தவில்லை. பிறகு தரையில் உட்கார்ந்துவிட்டாள். இத்தனை வருட சர்வீஸ் உள்ளவள் இப்படி நடந்துகொண்டது எனக்கு அருவருப்பாக இருந்தது. தொழில் என்றால் ஒரு நிதானம் வேண்டாமா?

நான் நிதானமாகவே சொல்கிறேன், இன்ஸ்பெக்டர் சார். என்னை யாரும் பிடித்து வரவில்லை, நானே வந்திருக்கிறேன். கலியபெருமாள் என்ற அந்தப் பெரியவர் கம்ப்யூட்டர் கோளாறால் இறந்தார் என்று உங்கள் ஃபைலில் இருக்கிறது. அது பொய். அதைத் திருத்தத்தான் வந்தேன்.

என் பெயர் ஹரிகிருஷ்ணன். முதலியார்பேட்டையில் எங்கள் ஆஸ்பத்திரி இருப்பது உங்களுக்குத் தெரியும். நோயாளிகளின் கேஸ் ஷீட்டையெல்லாம் ஒழித்துவிட்டு, மருந்து, டெஸ்ட், டாக்டர் உத்தரவு எல்லாவற்றையும் கம்ப்யூட்டருக்குக் கொண்டுவரும் திட்டம் என் பொறுப்பு. நீங்கள் ஒரு கேஸ் ஷீட்டைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறீர்களா? ஒரு ஓரத்தில் சட்னி, ஒரு ஓரத்தில் டிஞ்சர். நடுவில் டாக்டர் கிறுக்கியதை எதிர் மெடிக்கல் கடைக்காரர் ஒருவரால்தான் படிக்க முடியும். அதை நம்பித்தான் மனிதர்களுக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் அதை மாற்ற வந்தவன்.

முதலில் ஆண்கள் வார்டு, அது சரியாக ஓடினால் மொத்த ஆஸ்பத்திரி. அதுதான் சேர்மன் ஒப்புக்கொண்ட திட்டம். வார்டு அருமையாக ஓடியது. மீதிக்கு ஒரே ஒரு கையெழுத்துத்தான் பாக்கி. அந்தக் கையெழுத்தைப் போட வேண்டியவர் டாக்டர் புருஷோத்தமன்.

ஊரே அவரைப் பெரிய டாக்டர் என்கிறது. தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவராம். அதன் மிச்சமாக, ரவுண்ட்ஸ் முடிந்தால் 'வொலா', அதாவது ஆயிற்று, என்று பிரெஞ்சில் சொல்லிக் கையைத் தட்டிவிட்டுக் கிளம்புவார். எல்லா டாக்டருக்கும் நான் டைப்பிங் வகுப்பு எடுத்தேன். அவர் வந்து என் பிஸ்கட்டைத் தின்றுவிட்டுப் போனார்.

"ஏம்பா ஹரி, நான் நோயாளி மூஞ்சியப் பாக்கட்டுமா, உன் டீவியப் பாக்கட்டுமா? நிர்மலா, நீயே அடிச்சுடும்மா. பாஸ்வேர்டு என் பேத்தி பேருதான்."

பேத்தி பெயர் அபி. அதை நிர்மலாதேவி ஒரு துண்டு பிளாஸ்திரியில் எழுதி மானிட்டருக்குக் கீழே ஒட்டிவைத்தாள். காயத்துக்குப் போடும் பிளாஸ்திரி, சார். அவர் வாயால் சொல்வார், அவள் அவர் பெயரில் அடிப்பாள். யார் எதை உத்தரவிட்டார் என்பது கடைசி வரை நிற்க வேண்டும், அதற்காகத்தான் சிஸ்டமே. அதன் கழுத்தை இவர்கள் சிரித்துக்கொண்டே நெரித்தார்கள்.

மீட்டிங்கில் சேர்மன் கேட்டார், மொத்தமாக மாற்றிவிடலாமா என்று.

"இந்த ஒரு வார்டோட நிறுத்திக்குங்க," என்றார் புருஷோத்தமன். "தம்பி ஆசைக்குக் கொஞ்ச நாள் வெளையாடட்டும். அப்புறமா பொம்மைய எடுத்து உள்ள வெச்சுடலாம்."

எல்லோரும் சிரித்தார்கள். டீ கொண்டுவந்தவனும் சிரித்தான். நானும் சிரித்தேன். எனக்குக் கோபம் வருவதில்லை. ரோடு போடுகிறவனுக்கு நடுவில் நிற்கும் மரத்தின் மேல் என்ன கோபம்? அவரை நான் தொட வேண்டியதே இல்லை, அவர் பெயரைத் தொட்டால் போதும். அவர் பெயரில் ஒரு தவறான உத்தரவு, அதனால் ஒரு சாவு. விசாரணை வரும், பிளாஸ்திரி வெளியே வரும். ஒன்று அவர் போவார், இல்லையென்றால் அவரும் நிர்மலாதேவியும் சேர்ந்து போவார்கள். பாஸ்வேர்டைப் பூட்டிவைப்பது எவ்வளவு முக்கியம் என்று மிச்சமுள்ளவர்களுக்குப் புரியும். கையெழுத்து தானாக விழும்.

ஆளைத் தேர்ந்தெடுத்ததில் எனக்கு எந்த விருப்பு வெறுப்பும் இல்லை. சிஸ்டத்திடம் கேட்டேன். வயதானவர், கிட்னி பலவீனம், சர்க்கரைக்கு இன்சுலின் போட்டுக்கொள்பவர். பட்டியல் வந்தது. முதல் பெயர் கலியபெருமாள், பாகூர், விவசாயம். காலில் ஆறாத புண். அவர் முகத்தை நான் பார்த்ததில்லை, அதற்கு அவசியமும் ஏற்படவில்லை.

காலாப்பட்டில் ஒரு கல்யாணத்துக்குப் புருஷோத்தமன் போயிருந்த காலையில் பிரிண்டர் ரிப்பேர் என்று வார்டுக்குப் போனேன். நிர்மலாதேவி டிரெஸ்ஸிங் அறையில் இருந்தாள். பிளாஸ்திரியைப் பார்த்து அடித்தேன், அபி. இன்சுலின் அளவுக்குப் பின்னால் ஒரு பூஜ்யம் சேர்த்தேன். அவ்வளவுதான். பூஜ்யத்துக்கு எடையே கிடையாது, சார்.

கொஞ்ச நேரத்தில் அரீபா ட்ரேயோடு வந்தாள். டாக்டருக்குப் போன் அடித்தாளாம், எடுக்கவில்லையாம். மேள சத்தத்தில் எப்படிக் கேட்கும்?

"சார், இது கரெக்டா பாருங்களேன். நேத்து வரைக்கும் கொஞ்சூண்டுதான் போட்டோம். இதுக்கு ரெண்டு சிரிஞ்சு ஆவுது."

"ஸ்கிரீன்ல யாரு பேரு இருக்குது?"

"பெரிய டாக்டர் பேரு."

"அவர விட உனக்கு அதிகம் தெரியுமா?"

இல்லை என்று தலையை ஆட்டினாள். ஸ்கிரீனில் இருப்பதுதான் டாக்டர் என்று வகுப்பில் நான் சொல்லிக்கொடுத்த பாடம். மற்றவர்கள் கொட்டாவி விட்டார்கள், அந்தப் பெண் குறிப்பு எடுத்தாள். நல்ல மாணவி. அவள் இரண்டு சிரிஞ்சையும் போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் நான் கேன்டீனில் பொங்கல் சாப்பிட்டேன். பெரியவர் அசந்து தூங்குகிறார் என்று வார்டு நினைத்தது. வெகுநேரம் கழித்துத்தான் எழுப்பிப் பார்த்தார்கள். மிச்சத்தை முதலிலேயே சொல்லிவிட்டேன்.

விசாரணை நான் நினைத்தபடியே தொடங்கியது. சேர்மன் கேட்டார், நான் சிஸ்டத்தைத் திறந்து காட்டினேன். உத்தரவு போட்டவர் புருஷோத்தமன், இடம் ஆண்கள் வார்டு. அரீபா என்னிடம் கேட்டதையும் சொன்னாள். டாக்டர் பெயரைத் தாண்டி நான் என்ன சொல்ல முடியும் என்றேன். அது சரிதான் என்று எல்லோரும் தலையாட்டினார்கள்.

புருஷோத்தமன் அன்றைக்குத்தான் முதல்முறையாக என் சிஸ்டத்தின் முன்னால் ஒழுங்காக உட்கார்ந்தார். முகம் வீங்கியிருந்தது.

"பாஸ்வேர்ட ஒட்டி வெக்கச் சொன்னது நான். அந்தத் தப்பு எம்மேல. எந்தத் தண்டனை குடுத்தாலும் சரி. ஆனா இத நான் போடல. நிர்மலாவும் போடல."

நான் மரியாதையாகத்தான் கேட்டேன், நிர்மலா போடவில்லை என்று எப்படி அவ்வளவு உறுதியாகச் சொல்கிறீர்கள் என்று.

சேர்மன் என்னைத் திரும்பிப் பார்த்தார். சாப்பிடுகிற இலையில் கிடக்கும் பூச்சியைப் பார்ப்பதுபோல. "ஹரி, வாய மூடிக்கிட்டு உக்காருங்க," என்றார்.

அதோடு முடிந்தது. அவளைக் கூப்பிட்டு ஒரு கேள்விகூட யாரும் கேட்கவில்லை. அன்றிலிருந்து அவள் வேலைக்கு வரவும் இல்லை. குற்றம் செய்தவள்போல வீட்டிலேயே கிடக்கிறாள், அதையும் யாரும் சந்தேகமாகப் பார்க்கவில்லை. இருவரில் ஒருவர் மாட்டுவார் என்று கணக்குப் போட்டிருந்தேன். இருவரையும் நம்பிவிடுவார்கள் என்று கணக்குப் போடவில்லை. படித்தவர்கள் கூடி உட்கார்ந்து, கண்ணெதிரே எழுத்தில் இருப்பதை விட்டுவிட்டு, மனுஷியை நம்பினார்கள். டாக்டரும் போடவில்லை, நர்ஸும் போடவில்லை, அப்படியானால் மெஷின் தானாகப் போட்டது. இதுதான் அவர்கள் அறிவு.

திங்கட்கிழமை ஒயரையெல்லாம் பிடுங்கப் போகிறார்கள். பழைய கேஸ் ஷீட் அட்டைகள் பரணிலிருந்து இறங்கிவிட்டன. பெருக்குகிற அம்மா மானிட்டருக்குத் துணியைப் போட்டு மூடிக்கொண்டே, "பேயி பூந்த பொட்டி, இத்தோட தொலஞ்சுது," என்றாள். பக்கத்தில் இருந்த டாக்டர்கள் அதற்கும் தலையாட்டினார்கள்.

அன்றைக்குத்தான் முடிவெடுத்தேன். அந்த நர்ஸைக் காப்பாற்ற வந்திருக்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். அவளைப் பிடித்து உள்ளே போட்டிருந்தால் நான் இங்கே வந்திருக்கவே மாட்டேன். என் சிஸ்டம் தானாக ஒரு பூஜ்யத்தைக்கூடச் சேர்க்காது. கொடுத்ததை அப்படியே வாங்கிக்கொண்டது, கேட்டவளுக்கு அப்படியே காட்டியது. கொன்றது நான். அதை அப்படியே எழுதி, சேர்மனுக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். ஒயரைப் பிடுங்குவதற்கு முன்னால் போய்ச் சேர வேண்டும்.

என்ன சார், எழுதாமல் என்னையே பார்க்கிறீர்கள்?

மறுபடி சொல்லுங்கள்.

இது எனக்குப் புதிது. கலியபெருமாள் நிர்மலாதேவியைப் பெற்ற அப்பா. வார்டில் எல்லோருக்கும் தெரியுமாம், வாட்ச்மேனுக்குக்கூடத் தெரியுமாம். பெற்ற அப்பாவுக்குத் தன் கையால் ஊசி குத்த மனம் வராமல்தான் தினமும் அரீபாவை அனுப்பினாளாம்.

பழைய கேஸ் ஷீட்டில் அப்படி ஒரு வரி இருந்தது உண்மைதான். கூட இருப்பவர் யார், என்ன உறவு என்று. திட்டம் போடும்போது அதை நான்தான் எடுத்தேன். மருந்துக்கும் உறவுக்கும் என்ன சம்பந்தம்? அடிக்கிற நேரம் வீண். அதனால் சிஸ்டத்துக்கு அது தெரிய வாய்ப்பில்லை, சிஸ்டத்துக்குத் தெரியாதது எனக்கும் தெரியாது. இதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள், யாரும் என்னைத் தவறாக நினைத்துவிடக் கூடாது.

தெரிந்திருந்தால், சார், பட்டியலில் இருந்த இரண்டாவது பெயரை எடுத்திருப்பேன்.