எந்தக் கன்டோனில் வீடு

"ஹலோ... ஓம், நான்தான். ஆர்?... கோபிஷாவோ."

பாலசிங்கம் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். மகளின் குரலைக் கேட்டு ஒன்றரை வருடம். அவள் தானாகத் தேடிக் கட்டியவனை மனைவி ஜெயந்தி சுவிஸின் சூரிச் மாநிலத்து வின்டர்தூர் வீட்டுக்குள் எடுத்த அன்றே அவர் ஒரு சூட்கேசோடு வேறு மாநிலமான பேர்ண் கன்டோனின் ஓஸ்டர்முண்டிகனுக்கு வந்து இந்த ஒற்றை அறையில் பதிந்துகொண்டார். மனைவியைப் பிரிந்து வந்ததை யாருக்கும் சொல்லவில்லை. கேட்டவர்களிடம் கோயில் நிர்வாக வேலை என்றார்.

"சுகம்தான். விஷயத்தைச் சொல்லு... சூரிச் வரிக் கந்தோரோ? எனக்கும் அவைக்கும் இப்ப என்ன? பென்சன் காசை மொத்தமாய் எடுக்கேக்கை நான் பேர்ண் கன்டோனிலை பதிஞ்சு எட்டு மாதம். வரியும் இங்கை கட்டியாச்சு... ம்... அவையும் ரெண்டாந்தரம் வரி கேக்கினமோ? ஏனாம்?"

விளக்கம் நீண்டது. மேசையில் கோணலாகக் கிடந்த பேனாவை அவர் நேராக்கினார்.

"நில்லு. கொம்மா தன்ரை படிவத்திலை என்ன போட்டவ?... ரெண்டு பேரும் ஒரே வீட்டிலை எண்டோ?... அதுதான் பிடிச்சிட்டாங்கள். குடும்பம் எங்கையோ அங்கைதான் ஆளும் எண்டு... ஓம், ஓம், விளங்குது. பிரிஞ்சு இருக்கிறம் எண்டு அவ எழுதிக் குடுத்தால் சூரிச் விட்டிடும். இல்லையெண்டால், என்ரை வீடு வின்டர்தூர்தான் எண்டு நான் எழுதவேணும், பேர்ண் கட்டினதைத் திருப்பித் தரும்... ரெண்டு தாளும் அடிச்சு மேசையிலை வைச்சிருக்கிறியோ? கெட்டிக்காரிதான்."

தன் வாயால் வீடு திரும்பக் கேட்பதா? அவருடைய முதுகு இன்னும் நிமிர்ந்தது.

"இதிலை யோசிக்க என்ன கிடக்கு? உள்ளதை உள்ளபடி போடச் சொல்லு. பிரிஞ்சு இருக்கினம். திகதியையும் போடட்டும், நான் படியிறங்கின நாள் அவவுக்கு மறந்திருக்காது... என்ன, ஸ்பீக்கரிலையோ? பக்கத்திலையோ இருக்கிறா?... கேக்கட்டும். எனக்கு மறைச்சுக் கதைக்கத் தெரியாது."

அந்தப் பக்கம் ஒரு கதிரை பின்னுக்கு நகர்ந்தது.

"என்ன?... ஓம், என்ரை அக்கான்ரை மரண அறிவித்தலை நான்தான் அடிப்பிச்சனான். 'பாலசிங்கம், வின்டர்தூர்' எண்டுதான் போட்டனான். அது சனம் பாக்கிற தாள், பிள்ளை. இது அரசாங்கம் பாக்கிற தாள்... வாய் காட்டாதை."

போனுக்குள் எங்கோ ஒரு கதவு சாத்துப்பட்டது. அவர் அதைப் பொருட்படுத்தவில்லை.

"எந்தப் பேர்ப்பலகை?... தபால் பெட்டிக்கோ? எல்லா வீட்டுக்கும் புதுசு போட்டவங்களோ... அதிலை என்ரை பேர் ஏன்?... முதலாவதாயோ... கொம்மாவே சொல்லி அடிப்பிச்சவவோ."

அந்தத் தபால் பெட்டியின் திறப்பு இன்னும் அவருடைய சாவிக் கோர்வையில்தான் கிடந்தது. திருப்பி அனுப்ப வேண்டும் என்று மாதாமாதம் நினைப்பார். இப்போது அதைப் பெருவிரலால் தடவிக்கொண்டிருந்தார்.

"ஹலோ... லைன்லைதான் நிக்கிறன். பிள்ளை... மற்றத் தாளை எடு. என்ரை வீடு வின்டர்தூர் எண்டு கிடக்கிற தாள்... ஓம், அதைத்தான். வெள்ளிக்கிழமை வந்து கையெழுத்து வைக்கிறன். உன்ரை மனுசனும் நிண்டால் நிக்கட்டும்... அம்மாட்டைக் குடு."

திறப்பைக் கைக்குள் வைத்துக்கொண்டு போனைக் காதோடு அழுத்தினார்.

"எங்கை போட்டா?... பிரிஞ்ச தாளிலை அவ வைச்சிட்டாவோ கையெழுத்து? நான் சொன்ன உடனையோ... கீழை கடிதம் போடுற மஞ்சள் பெட்டியடிக்கோ போனவ? ஓடு, பிள்ளை. போனோடையே ஓடு."

படிகளில் அவள் இறங்கும் சத்தம் கேட்டது. பிறகு தெருவின் இரைச்சல். பாலசிங்கம் எப்போது எழுந்து நின்றார் என்று அவருக்கே தெரியவில்லை.

"என்ன?... போட்டாச்சோ."

மெல்ல உட்கார்ந்தார்.

"ஓம்... வேறை கடிதம் எழுதலாம். ஓம், கந்தோர் மாத்தும். நான் அதைக் கேக்கேல்லை. அவ தன்ரை கையாலை கையெழுத்து வைச்சுப்போட்டா, பிள்ளை... அழுகிறாவோ?... இல்லையோ. அப்ப என்ன சொல்லுறா?"

கண்ணை மூடிக் கேட்டார்.

"ஓம்... ஓம். நான் சொன்னதைத்தான் செய்தவ. அவவிலை ஒரு பிழையும் இல்லை எண்டு சொல்லு. அந்தப் பலகை..."

தொடர்பு அறுந்துவிட்டது. எதுவரைக்கும் அங்கே கேட்டதென்று அவருக்குத் தெரியவில்லை.